சாலை மிதிவண்டிக் காலணி

சாலை மிதிவண்டிக் காலணி என்பது சாலையில் நெடுந்தொலைவும் விரைவாகவும் மிதிவண்டி ஓட்டுவோர் அணிவதற்கென உருவாக்கப்பட்ட, அடிப்பகுதி எளிதில் வளையாத காலணி ஆகும். இலங்கை வழக்கில் இது மிதிவண்டிச் சப்பாத்து எனப்படும். நடப்பதற்கும் ஓடுவதற்கும் உரிய காலணிகள் பாதத்தோடு சேர்ந்து வளைய வேண்டும். மிதிவண்டிக் காலணி அதற்கு நேர்மாறாக வளையாமல் நிற்க வேண்டும். இதன் அடியில் கிளீட் எனப்படும் சிறு கொக்கித் தகட்டைத் திருகுகளால் பொருத்தும் வசதி உண்டு. அத்தகடு மிதியில் மாட்டிக்கொள்வதால் காலும் மிதியும் ஒன்றாக இயங்குகின்றன.

இக்காலணியைத் தேர்ந்தெடுக்கும்போது விறைப்பு, வசதி, விலை ஆகிய மூன்றும் கருதப்படுகின்றன. விலை கூடக் கூட விறைப்பும் கூடுவது பொதுவான வழக்கம். ஆனால் விறைப்புக் கூடும்போது வசதியும் கூடும் என்பதற்கு உறுதி இல்லை. தவறான அளவில் வாங்கப்பட்ட காலணி விரல் மரத்துப் போதல், பாத எரிச்சல், முழங்கால் வலி போன்றவற்றுக்குக் காரணமாகலாம்.

தேவை

எல்லா மிதிவண்டிகளுக்கும் தனிக் காலணி தேவைப்படுவதில்லை. தமிழ்நாட்டில் பெரும்பான்மையான மிதிவண்டிகள் ரப்பர் கட்டை பொருத்திய அகலமான தட்டை மிதிகளைக் கொண்டவை. பள்ளிக்கும் தோட்டத்திற்கும் கடைவீதிக்கும் சென்று வர அவை போதுமானவை. செருப்பு அணிந்தோ வெறுங்காலுடனோ அவற்றை ஓட்டலாம். அகன்ற மிதி பாதத்தின் பெரும்பகுதியைத் தாங்குவதால் காலணியின் அடி மெல்லியதாக இருப்பினும் பெரிய இடர் நேர்வதில்லை.

மிதி சிறியதாகும்போது நிலைமை மாறுகிறது. பந்தய மிதிவண்டிகளின் மிதி மிகச் சிறியது. மெல்லிய அடி கொண்ட காலணியுடன் அதை மிதித்தால் உடலின் விசை முழுவதும் பாதத்தின் ஒரு சிறு பரப்பில் குவிகிறது. விசை மாறாமல் பரப்பு மட்டும் குறைந்தால் அழுத்தம் கூடும் என்பது இயற்பியலின் அடிப்படை விதி. நிமிடத்திற்கு 90 சுற்று என்ற வீதத்தில் ஒரு மணி நேரம் ஓட்டும் ஒருவரின் ஒவ்வொரு காலும் 5,400 முறை அழுத்துகிறது. விறைப்பான அடி இவ்விசையைப் பாதம் முழுவதும் பரப்பி விடுகிறது. இதுவே இக்காலணியின் முதன்மைப் பயன் ஆகும்.

வரலாறு

தற்கால மிதிவண்டியின் முன்னோடி எனக் கருதப்படும் வண்டியை செருமானியரான கார்ல் வொன் திரைசு 1817ஆம் ஆண்டில் உருவாக்கினார். அதில் மிதி இல்லை. கால்களால் தரையை உந்தியே ஓட்ட வேண்டும். 1860களில் பிரான்சில் முன்சக்கரத்தில் மிதி பொருத்தப்பட்டது. 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சான் கெம்ப் இசுட்டார்லி உருவாக்கிய ரோவர் வண்டி, சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கும் இன்றைய வடிவத்திற்கு வழிகோலியது.

காலை மிதியுடன் பிணைக்க முதலில் உலோகக் கூண்டும் தோல் வாரும் பயன்பட்டன. பந்தய வீரர்கள் தோலால் ஆன காலணியின் அடியில் பள்ளம் உள்ள தகட்டை ஆணியால் அறைந்து, அப்பள்ளத்தை மிதியின் விளிம்பில் பொருத்தி, வாரை இறுக்கிக் கொண்டனர். வண்டியை நிறுத்துவதற்கு முன் குனிந்து வாரைத் தளர்த்த வேண்டியிருந்தது. தளர்த்தத் தவறியவர்கள் வண்டியோடு சாய்ந்தனர்.

வார் இல்லாமல் காலணியை மிதியில் பூட்டும் முறைக்கு அமெரிக்காவின் ரோட் ஐலண்டைச் சேர்ந்த சார்லசு ஆன்சன் 1895ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். 1971ஆம் ஆண்டில் இத்தாலியின் சினெல்லி நிறுவனம் எம்71 என்ற மிதியை வெளியிட்டது. ஆயினும் அதிலிருந்து விடுபடக் கையால் ஒரு நெம்பை இழுக்க வேண்டியிருந்ததால் அது பரவலாகவில்லை.

பனிச்சறுக்குக் காலணிப் பூட்டுகளைச் செய்து வந்த பிரான்சின் லுக் நிறுவனம், குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பினால் விடுபடும் மிதியை 1984ஆம் ஆண்டில் கொண்டுவந்தது. 1985ஆம் ஆண்டின் தூர் த பிரான்சுப் போட்டியில் பெர்னார்டு இனோல்ட் இம்மிதியுடன் வெற்றி பெற்றார். அதன் பின்னர் வாருடன் கூடிய மிதிகள் போட்டிகளிலிருந்து மெல்ல மறைந்தன. சப்பானின் சிமானோ நிறுவனம் மலை மிதிவண்டிகளுக்கென எசுபிடி என்ற இரு திருகு முறையை 1990ஆம் ஆண்டில் வெளியிட்டது. இவ்விரு மரபுகளும் இன்றளவும் தொடர்கின்றன.

இந்தியாவில் டி. ஐ. சைக்கிள்சு நிறுவனம் 1949ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த அம்பத்தூரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02 கல்வியாண்டில் தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்டது. இவ்வாறு மிதிவண்டி மிகப் பரவலாக இருந்தும், தட்டை மிதியே வழக்கில் இருந்ததால் மிதிவண்டிக் காலணி பொதுமக்களிடம் அறிமுகமாகவில்லை. பற்சக்கர மாற்றி உள்ள இறக்குமதி வண்டிகளும் நெடுந்தொலைவு ஓட்ட நிகழ்வுகளும் பெருகிய பின்னரே இது கடைகளில் கிடைக்கலாயிற்று.

அமைப்பு

அடிப்பகுதி
காலணியின் விறைப்பை முடிவு செய்வது அடிப்பகுதியே. விலை குறைந்தவற்றில் நைலானும், இடைநிலையில் கண்ணாடி இழை அல்லது சிறிதளவு கரிம இழை கலந்த நைலானும், விலை உயர்ந்தவற்றில் முழுமையான கரிம இழைத் தகடும் பயன்படுகின்றன. சில நிறுவனங்கள் விறைப்பை எண்ணால் குறிக்கின்றன. இவ்வெண்கள் அந்தந்த நிறுவனத்தின் சொந்த அளவுகோல்கள். ஒரு நிறுவனத்தின் எண்ணை மற்றொன்றின் எண்ணுடன் ஒப்பிட இயலாது.

மேற்பகுதி
முன்னர் தோலால் செய்யப்பட்ட மேற்பகுதி இப்போது பெரும்பாலும் செயற்கை நுண்ணிழைத் துணியாலும் வலைத்துணியாலும் செய்யப்படுகிறது. தோல் நாளடைவில் பாதத்தின் வடிவத்திற்கு இளகிக் கொடுக்கும். செயற்கைத் துணி அவ்வளவாக இளகுவதில்லை. எனவே கடையில் இறுக்கமாக இருக்கும் செயற்கைக் காலணி பின்னர் தளரும் என எதிர்பார்க்க முடியாது.

பூட்டும் முறை
நாடா, வெல்க்ரோ பட்டை, ஏணிப்பற்கள் உள்ள பிடிப்பான், திருகு குமிழ் ஆகியவை வழக்கில் உள்ளன. நாடா அழுத்தத்தைச் சீராகப் பரப்பும். ஆனால் ஓட்டத்தின் நடுவே சரிசெய்ய இயலாது. வெல்க்ரோ மலிவானது, பழுதானால் செருப்புத் தைக்கும் தொழிலாளரிடம் புதிய பட்டை தைத்துக்கொள்ளலாம். திருகு குமிழில் மெல்லிய கம்பியைச் சிறிது சிறிதாக இறுக்கலாம்; ஓட்டும்போதே ஒரு கையால் தளர்த்தவும் முடியும். அதே வேளையில் கம்பி அறுந்தால் அதற்குரிய உதிரி உறுப்பு தேவைப்படும்.

குதிகால் கிண்ணமும் உட்திண்டும்
குதிகால் மேலெழும்பாமல் பற்றிக்கொள்ளும் பகுதி குதிகால் கிண்ணம் ஆகும். பாதத்திற்கு நேர்க்கீழே உள்ள மெத்தை உட்திண்டு எனப்படும். பெரும்பாலான காலணிகளுடன் வரும் உட்திண்டு மெல்லியது; பாத வளைவைத் தாங்குவதில்லை. வளைவைத் தாங்கும் உட்திண்டைத் தனியே வாங்கி இடுவது, விலை உயர்ந்த காலணியை வாங்குவதைவிடப் பலருக்குக் கூடுதல் வசதி தருகிறது.

விறைப்பும் வசதியும்

விறைப்பான அடி ஆற்றலை வீணாக்காமல் மிதிக்குக் கடத்துகிறது என விளம்பரங்கள் கூறுகின்றன. இக்கூற்றை ஆய்வுகள் ஓரளவே ஆதரிக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், ஓட்டக் காலணியும் தட்டை மிதியும், ஓட்டக் காலணியும் கூண்டு மிதியும், மிதிவண்டிக் காலணியும் பூட்டு மிதியும் ஆகிய மூன்று இணைகள் ஒப்பிடப்பட்டன. 50, 100, 150 வாட்டு ஆகிய மிதமான ஆற்றல் நிலைகளில் உடல் செலவிடும் சக்தியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இது மிதமான ஓட்டத்திற்கு மட்டுமே பொருந்தும். முழு விசையுடன் எழுந்து மிதிக்கும் விரைவோட்டத்தில் பாதம் நழுவாமல் பூட்டப்பட்டிருப்பது தெளிவான நன்மையாகும்.

மறுபுறம், மிகை விறைப்பு வசதியைக் குறைக்கவும் கூடும். 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில் கரிம இழை அடி அணிந்தபோது முன்பாதத்தில் ஏற்பட்ட உச்ச அழுத்தம், நெகிழி அடி அணிந்தபோது இருந்ததைவிட ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. நெகிழி அடி சற்றே இணங்கிக் கொடுக்கிறது. கரிம இழை இணங்குவதில்லை. பாதத்தில் விரல்களுக்கான நரம்புகள் முன்பாத எலும்புகளின் இடையே செல்கின்றன. இறுக்கமான காலணியில் அவை நசுங்கும்போது விரல்கள் மரத்துப் போகின்றன. பாதத்தின் முன்பகுதியில் தணல் போன்ற எரிச்சல் உண்டாகிறது. ஓட்டுநர்கள் இதனைச் சூட்டுப்புள்ளி என்கின்றனர்.

ஆகவே, பந்தயத்தில் ஈடுபடாதவருக்குக் கண்ணாடி இழை கலந்த நைலான் அடியே பெரும்பாலும் போதுமானது. கையால் பிடித்து வளைக்க முயலும்போது நடுப்பகுதியும் முன்பகுதியும் எளிதில் மடங்காமல் இருந்தால் அதன் விறைப்பு நெடுந்தொலைவு ஓட்டத்திற்குத் தகும்.

நெடுந்தொலைவு ஓட்டங்களில் வசதியின் இடம் மேலும் உயர்கிறது. பிரான்சின் ஆடாக்சு பாரிசியன் கழகத்தின் விதிகளின்படி இந்தியாவிலும் நடைபெறும் பிரவே ஓட்டங்களில் 200 கிலோமீட்டருக்கு 13.5 மணி, 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி என நேர வரம்புகள் உள்ளன. இத்துணை நேரம் காலணிக்குள் இருக்கும் பாதம் வெப்பத்தாலும் உழைப்பாலும் வீங்குகிறது. முதல் மணி நேரத்தில் கச்சிதமாக இருந்த காலணி எட்டாம் மணி நேரத்தில் தாங்க முடியாததாகலாம்.

திருகு முறைகள்

மிதிக்கும் காலணிக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். இரு முறைகள் பரவலாக உள்ளன.

மூன்று திருகு முறை: முக்கோண வடிவில் மூன்று துளைகள் கொண்டது. லுக், சிமானோ எசுபிடி-எசுஎல் முதலியன இவ்வகை. கிளீட் பெரியது, பெரும்பாலும் நெகிழியால் ஆனது. அழுத்தம் பரந்து விழுகிறது. ஆனால் கிளீட் அடியை விட்டு வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் நடப்பது கடினம். மிதியின் ஒரு பக்கத்தில் மட்டுமே மாட்ட முடியும்.

இரு திருகு முறை: எசுபிடி இதற்கு எடுத்துக்காட்டு. கிளீட் சிறியது; உலோகத்தால் ஆனது. காலணி அடியின் பள்ளத்திற்குள் அமர்ந்திருப்பதால் ஏறக்குறைய இயல்பாக நடக்கலாம். பெரும்பாலான மிதிகளில் இரு பக்கமும் மாட்டலாம். கிளீட் சிறியதாகையால் காலணி அடி போதிய விறைப்புடன் இருப்பது இங்குக் கூடுதல் தேவையாகிறது.

சில காலணிகளில் இரு வகைத் துளைகளும் உண்டு. எந்த மிதியைப் பயன்படுத்துவது என இன்னும் முடிவு செய்யாதவருக்கு அவை பாதுகாப்பான தேர்வு எனலாம்.

கம்பம் பள்ளத்தாக்கில் பயன்பாடு

காலணித் தேர்வு ஓட்டும் நிலப்பரப்பைப் பொறுத்தது என்பதற்குத் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். உத்தமபாளையம் வட்டத்தில் உள்ள ராயப்பன்பட்டி, மேகமலையின் அடிவாரத்தில் சண்முகா நதி அணைக்கு அருகே அமைந்த ஊர். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள் உள்ளன. இப்பள்ளத்தாக்கில் விளையும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இவ்வூரிலிருந்து புறப்படும் ஓட்டுநர் ஒரே நாளில் இரு வேறு நிலப்பரப்புகளைச் சந்திக்க முடியும். முதலாவது, பள்ளத்தாக்கின் சமதளச் சாலை. தோட்டப் பாதைகளிலிருந்து வரும் இழுவை வண்டிகள் ஒட்டிக் கொணரும் சேறு, கால்நடைகள், ஊர்ச்சந்திப்புகள் ஆகியவற்றால் அடிக்கடி காலை ஊன்ற வேண்டியுள்ளது. இரண்டாவது, மலைச்சாலை. சின்னமனூரிலிருந்து மேகமலைக்குச் செல்லும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகளும், போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகளும் உள்ளன. கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளி செல்லும் சாலை தேசிய நெடுஞ்சாலை 183இன் பகுதி. அதில் பேருந்துகளும் சரக்குந்துகளும் மிகுதி.

ஏற்றத்தில் வளைவு ஒன்றில் எதிரே பேருந்து வருமானால் ஓட்டுநர் நின்று காலை ஊன்ற நேரிடும். மீண்டும் புறப்படும்போது ஒரு காலால் மிதித்துக்கொண்டே மறுகாலை மிதியில் மாட்ட வேண்டும். சரிவில் வண்டி உடனே வேகம் இழப்பதால், ஒரு பக்கம் மட்டுமே மாட்டக்கூடிய மிதியில் இது பழகாதவருக்கு ஆபத்தானது. இரு பக்கமும் மாட்டக்கூடிய இரு திருகு முறை இத்தகைய சாலைகளில் தொடக்க நிலையினருக்கு ஏற்றது. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க நேர்ந்தாலும் அதுவே உதவும்.

தட்பவெப்பமும் கருத்தக்கது. பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் கோடை வெப்பம் கடுமையாக இருக்க, மேலே மலையில் சாரலும் மூடுபனியும் இருக்கும். வலைத்துணி மிகுந்த காலணி கீழே காற்றோட்டம் தரும். மேலே விரைவில் நனையும். எனினும் அது விரைவில் உலரவும் செய்யும். நனையாத காலணியினுள் வியர்வை தங்குவதால், தென் தமிழகத்தின் வெப்பநிலைக்குக் காற்றோட்டம் உள்ள காலணியே பொதுவாகத் தகுந்தது. மேகமலைச் சாலை திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகப் பகுதியில் அமைந்துள்ளதால் வனத்துறையின் நேரக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது. பாத வலியால் தாமதமாகி இருட்டிய பின் இறங்க நேர்வது அங்குத் தவிர்க்கப்பட வேண்டிய ஒன்று.

பாத அளவு

இந்தியப் பாதமும் ஐரோப்பிய அச்சும்

காலணி ஒவ்வொன்றும் லாஸ்ட் எனத் தொழிலில் அழைக்கப்படும் அச்சுக்கட்டையின் மீது உருவாக்கப்படுகிறது. காலணியின் நீளம், அகலம், முன்பகுதியின் வடிவம் ஆகியவற்றை இக்கட்டையே தீர்மானிக்கிறது. இந்தியாவில் விற்கப்படும் மிதிவண்டிக் காலணிகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய அல்லது கிழக்காசிய நிறுவனங்களின் அச்சுகளில் செய்யப்பட்டவை.

சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தியர்களின் பாத அளவை அறிய நாடளாவிய ஆய்வொன்றை நடத்தியது. 2021 திசம்பர் முதல் 2022 மார்ச்சு வரை 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்கள் முப்பரிமாண வருடிகளால் அளக்கப்பட்டன. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் ஆகியோரின் பாதத்தைவிட அகலமானது என இதில் தெரியவந்தது. அகலம் போதாமையால் பலர் தேவைக்கு மிஞ்சிய நீளமுள்ள காலணிகளை அணிகின்றனர் என்பதும் வெளிப்பட்டது. இதனடிப்படையில் இந்தியருக்கென 'பா' என்னும் தனி அளவு முறை முன்மொழியப்பட்டது.

மிதிவண்டிக் காலணியில் இச்சிக்கல் கூர்மையடைகிறது. நீளம் கூடிய காலணியில் குதிகால் நழுவும். கிளீட் துளைகளும் முன்னோக்கித் தள்ளிப்போகும். எனவே அகலம் போதாதபோது நீளத்தைக் கூட்டுவது தீர்வாகாது. அகல அச்சில் செய்யப்பட்ட வடிவத்தைத் தேடுவதே முறை. சிமானோ, லேக் முதலிய நிறுவனங்கள் சில காலணிகளை அகல வடிவிலும் வெளியிடுகின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் உலகச் சந்தைக்குக் காலணி செய்தனுப்பும் மாநிலத்தில், மிதிவண்டி ஓட்டுநர்கள் தம் பாதத்திற்கு ஏற்ற காலணியை வெளிநாட்டு அட்டவணைகளில் தேட வேண்டியுள்ளது.

வீட்டில் அளக்கும் முறை

சிறப்புக் கடைகள் பெருநகரங்களிலேயே இருப்பதால் சிற்றூர்களில் உள்ளோர் பெரும்பாலும் இணையவழியில் வாங்குகின்றனர். அவர்கள் முன்கூட்டியே பாதத்தை அளந்துகொள்வது இன்றியமையாதது.

1. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் அளக்க வேண்டும். ஓட்டும்போது அணியும் காலுறையை அணிந்திருக்க வேண்டும்.
2. சுவரை ஒட்டித் தரையில் தாளை வைத்து, குதிகால் சுவரில் படுமாறு நிற்க வேண்டும். உட்கார்ந்து அளந்தால் பாதம் விரியாததால் அளவு குறையும்.
3. மிக நீண்ட விரலின் நுனியைக் குறிக்க வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளமாக இருக்கும்.
4. பாதத்தின் மிக அகன்ற பகுதியின் இரு ஓரங்களையும் குறித்து அகலத்தை அளக்க வேண்டும்.
5. இரு பாதங்களையும் தனித்தனியே அளந்து பெரிய பாதத்தின் அளவைக் கொள்ள வேண்டும்.

அளவு எண்கள்

இந்தியக் கடைகளில் வழங்கும் ஆங்கிலேய எண் முறையில் ஓர் எண்ணின் வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய முறையில் அது சென்டிமீட்டரில் மூன்றில் இரு பங்கு, அதாவது ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டர். இரு படிகளும் வேறாக இருப்பதால் ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது எண்கள் துல்லியமாகப் பொருந்துவதில்லை. '8ஆம் எண் செருப்பு அணிபவர்' என்ற தகவலைக் கொண்டு மிதிவண்டிக் காலணி வாங்குவது இதனால் நம்பத்தகாதது. பாத நீளத்தை நிறுவனத்தின் அட்டவணையில் பார்ப்பதே சரியானது. எடுத்துக்காட்டாக, சிமானோ அட்டவணையில் பின்வரும் அளவுகள் உள்ளன.

ஐரோப்பிய எண் 40 - பாத நீளம் 25.2 செ.மீ.
ஐரோப்பிய எண் 41 - பாத நீளம் 25.8 செ.மீ.
ஐரோப்பிய எண் 42 - பாத நீளம் 26.5 செ.மீ.
ஐரோப்பிய எண் 43 - பாத நீளம் 27.2 செ.மீ.
ஐரோப்பிய எண் 44 - பாத நீளம் 27.8 செ.மீ.

வேறு நிறுவனங்களின் அட்டவணைகள் இதிலிருந்து மாறுபடலாம்.

அணிந்து பார்த்தல்

காலணி வந்தவுடன் கிளீட் பொருத்தாமல் வீட்டினுள் அணிந்து பார்க்க வேண்டும். திருகுத் தடம் பதிந்த காலணியைப் பல கடைகள் திரும்பப் பெறுவதில்லை. பின்வருவன கவனிக்கத்தக்கன.

விரல்கள்: முன்முனையில் விரல்கள் இடிக்கக் கூடாது; அவற்றைச் சற்று அசைக்க முடிய வேண்டும்.
அகலம்: சுண்டுவிரலின் அடிமூட்டும் பெருவிரலின் அடிமூட்டும் நசுங்கக் கூடாது.
குதிகால்: முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை உயர்த்தும்போது காலணியும் உடன் எழ வேண்டும்.
மேற்பாதம்: பட்டையை இறுக்கும்போது ஓர் இடத்தில் மட்டும் வெட்டுவது போன்ற உணர்வு இருக்கக் கூடாது.
நேரம்: அரை மணி நேரமாவது அணிந்திருக்க வேண்டும். மரத்துப் போகும் உணர்வு உடனே தோன்றுவதில்லை.

நடந்து பார்த்து முடிவு செய்வது தவறான முடிவுக்கு வழிவகுக்கும். வளையாத அடி கொண்ட காலணி நடக்கும்போது இயல்பாகவே குதிகாலில் நழுவும். வண்டியைச் சுவரில் சாய்த்து, அதில் அமர்ந்து, மிதிக்கும் நிலையில் பாதத்தை வைத்துப் பார்ப்பது மேலானது.

கிளீட் பொருத்துதல்

நல்ல காலணியும் கிளீட் தவறாக இருந்தால் பயன் தராது. பெருவிரலின் அடிமூட்டும் சுண்டுவிரலின் அடிமூட்டும் காலணியின் மேல் குறிக்கப்பட்டு, அவ்விரண்டிற்கும் இடையே மிதியின் அச்சு அமையுமாறு கிளீட் வைக்கப்படுகிறது. விரல்நுனிப் பக்கம் மிகையாகத் தள்ளி வைத்தால் கெண்டைத் தசையிலும் குதிகால் நாணிலும் சுமை கூடும்.

கால் மிதியில் பூட்டப்பட்ட நிலையில் குதிகால் பக்கவாட்டில் சற்று அசைய இடம் தரும் கிளீட்டுகள் உள்ளன. எசுபிடி-எசுஎல் முறையில் மஞ்சள் நிறக் கிளீட் 6 பாகையும், நீல நிறக் கிளீட் 2 பாகையும் அசைய விடும். சிவப்பு நிறம் அசைய விடாது. ஒவ்வொருவரின் முழங்காலும் மிதிக்கும்போது சற்றே வேறு கோணத்தில் இயங்குவதால், அசைவு மிகுந்த கிளீட்டே தொடக்க நிலையினருக்குத் தகுந்தது. புதிய இடத்தில் பொருத்திய பின் முதலில் சிறு தொலைவு ஓட்டிப் பார்த்து, முழங்காலில் வலி தோன்றினால் கோணத்தை மாற்ற வேண்டும்.

விலை

2020களில் இந்தியச் சந்தையில் நைலான் அடி கொண்ட காலணிகள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்க, முழுக் கரிம இழை அடியும் இரட்டைத் திருகு குமிழும் கொண்ட உயர்நிலைக் காலணிகள் 30,000 ரூபாயையும் கடந்தன. இவற்றில் பெரும்பாலானவை இறக்குமதி செய்யப்படுபவை. காலணிகளுக்கான சுங்க வரி 2020ஆம் ஆண்டு நடுவண் அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் 25 விழுக்காட்டிலிருந்து 35 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி மாற்றத்தின்படி 2,500 ரூபாய் வரையிலான காலணிகளுக்கு 5 விழுக்காடும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 18 விழுக்காடும் வரி விதிக்கப்பட்டது.

காலணியின் விலை மட்டும் மொத்தச் செலவாகாது. பூட்டு மிதி, கிளீட், தேய்ந்தபின் வாங்க வேண்டிய மாற்றுக் கிளீட் ஆகியவையும் சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும். கிளீட் பொதுவாக மிதியுடன் வரும், காலணியுடன் வருவதில்லை.

விலை உயர்ந்த காலணிக்குக் கூறப்படும் மற்றொரு காரணம் எடைக் குறைவு. ஓர் இணைக்கு 100 கிராம் குறைவதாகவும், ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் இருப்பதாகவும் கொண்டால், குறையும் எடை 0.125 விழுக்காடு. செங்குத்தான ஏற்றத்தில் ஆற்றலின் பெரும்பகுதி எடையைத் தூக்கவே செலவாகிறது எனக் கொண்டாலும், ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது ஏறத்தாழ 4.5 நொடி மட்டுமே. பந்தய வீரருக்கு இது பொருட்டாகலாம். மற்றவருக்கு வழியில் ஒரு முறை நின்று பாதத்தைத் தேய்த்துவிடும் நேரம் இதைவிடப் பன்மடங்கு கூடுதல்.

குறைந்த செலவில் தேர்ந்தெடுப்போர் கொள்ளத்தக்க முன்னுரிமை வரிசை: முதலில் நீளமும் அகலமும், அடுத்து மிதியுடன் பொருத்தம், பின்னர் குதிகால் பிடிப்பும் பூட்டும் முறையும், அதன்பின் அடியின் விறைப்பு, இறுதியில் எடையும் தோற்றமும். வரிசையின் முதல் மூன்றும் பெரும்பாலும் விலையைச் சார்ந்தவை அல்ல.

பயன்படுத்திய காலணி வாங்குவதாயின் அடியில் வெடிப்பு, துளைகளின் மரையில் சிதைவு, குதிகால் உள்துணியில் கிழிசல் ஆகியவை உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். தோல் காலணி முந்தையவரின் பாத வடிவத்திற்கு இளகியிருக்கும் என்பதும் கருத்தக்கது.

பராமரிப்பு

நனைந்த காலணியின் உட்திண்டை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். கடும் வெயிலில் வைத்தால் பசை இளகி அடி பிரியக்கூடும். சேறு படிந்த கிளீட் மிதியில் சரியாக மாட்டாது, விடுபடவும் மறுக்கும். ஆகவே சேற்றைத் தூரிகையால் நீக்க வேண்டும். கிளீட் திருகுகளின் மரையில் சிறிது மசகுக் களிம்பு இட்டால் துருப்பிடித்து இறுகாது. திருகுகள் தளர்ந்துள்ளனவா என அவ்வப்போது பார்த்தல் நலம். தளர்ந்த கிளீட் மிதியிலிருந்து விடுபடாமல் வெறுமனே சுழலும் ஆபத்து உண்டு.

பாதுகாப்பு

பூட்டு மிதிக்குப் புதியவர்கள் பலரும் ஒரு முறையேனும் நின்ற நிலையில் சாய்ந்து விழுவதுண்டு. இதைத் தவிர்க்க, முதலில் வண்டியைச் சுவரையோ தூணையோ பற்றி நிறுத்தி, காலை மாட்டவும் விடுவிக்கவும் பலமுறை பழக வேண்டும். மிதியின் பிடிப்பு விசையைக் குறைந்த அளவில் வைக்க வேண்டும். போக்குவரத்து இல்லாத திடலில் பழகிய பின்னரே சாலைக்குச் செல்ல வேண்டும். நிற்க நேரும் என்று தோன்றியவுடனேயே, வண்டி ஓடும்போதே ஒரு காலை விடுவித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

மூன்று திருகுக் கிளீட்டுடன் ஓடு அல்லது பளிங்கு பதித்த தரையில் நடந்தால் வழுக்கும். தேநீர்க் கடை, உணவகம் முதலியவற்றில் நிற்கும்போது அணிந்துகொள்ளக் கிளீட்டுக்கான ரப்பர் உறைகள் கிடைக்கின்றன. தொடர்ந்து விரல் மரத்துப் போதலோ முழங்கால் வலியோ இருப்பின் காலணியை மாற்றுவதோடு நிற்காமல் மருத்துவரை அணுக வேண்டும். நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவர்கள் இறுக்கமான காலணியால் ஏற்படும் புண்ணை உணராமலே இருக்கக்கூடும் என்பதால், ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் பாதத்தைக் கண்ணால் பார்த்துச் சோதித்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

மிதிவண்டி
மிதி
காலணி
கரிம இழை
மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்
கம்பம் பள்ளத்தாக்கு
ராயப்பன்பட்டி
மேகமலை